காஞ்சிபுரத்தில் மூளையின் மூச்சைப் படம் பிடிக்கப் போனது

மருத்துவமனைக்கு என்று கிளம்பிய நான் முதலில் போய்ச் சேர்ந்த இடம் ஒரு பட்டுப்புடவைக் கடை. தப்பு என்னுடையதல்ல. இரண்டுக்கும் ஒரே முதலாளி, ஒரே பெயர். பெயர்ப் பலகையில் எழுத்தின் வளைவுகூட ஒன்றுதான். ஊர் எல்லையில் மோட்டார் சைக்கிளில் வந்து எங்கள் காரைத் துரத்திய ஓர் ஆள், நான் சொன்ன பெயரைக் கேட்டதும், "எம் பின்னாடியே வாங்க" என்று முன்னே பறந்தார். ஓட்டுநரும் பின்னாலேயே போனார்.

உள்ளே மெத்தையில் உட்கார வைத்தார்கள். காபி வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மடியில் நான்கு புடவைகள் விரிந்தன.

"எம்.ஆர்.ஐ. அறை எங்கே இருக்கு?" என்று கேட்டேன்.

விற்பனையாளர் சற்றும் தயங்கவில்லை. "அந்த டிசைன் மேல்மாடில இருக்குதும்மா. மொதல்ல இத்த பாத்துடுங்க."

ஒரு மணி நேரம் கழித்து, கையில் ஒரு கடுகு நிறப் புடவையோடு இரண்டு தெரு தள்ளியிருந்த மருத்துவமனை வாசலில் இறங்கினேன். கடலுக்கு அப்பால் இருக்கும் என் ஊரான ஈப்போவில் முப்பது வருடமாக எம்.ஆர்.ஐ. எடுக்கிறேன். வேலைக்குப் போகிற வழியில் யாரும் எனக்குப் புடவை விற்றதில்லை.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வதைப் பக்கவாதம் என்கிறோம். அடைத்த இடத்தில் கொஞ்சம் மூளை உடனே செத்துவிடும். அதைச் சுற்றி இன்னும் கொஞ்சம் மூளை, பசியோடும் மூச்சுத் திணறலோடும், சாகாமல் காத்துக்கொண்டிருக்கும். எது செத்தது, எது காத்திருக்கிறது என்று அறிய ஒரு புது வழியைப் பல நாடுகளில் சோதித்துப் பார்க்கிறார்கள். ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்தைவிட, ஆக்சிஜனை இழந்த ரத்தத்துக்குக் காந்தத்தோடு சற்றுக் கூடுதலாக ஒட்டுறவு உண்டு. அந்தச் சின்ன வித்தியாசத்தைப் படமாக எடுத்தால், மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு ஆக்சிஜன் செலவழிக்கிறது என்று வண்ணத்தில் பார்க்கலாம். எங்கள் ஈப்போ குழுவிடம் உள்ள அதே இயந்திரத்தைக் காஞ்சிபுரத்தில் வாங்கியிருந்தார்கள். அங்கே எடுத்தாலும் இங்கே எடுத்தாலும் படம் ஒரே மாதிரி வருகிறதா என்று பார்ப்பதும், இங்குள்ளவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் என் பொறுப்பு. இன்னும் ஆய்வு நிலையில் இருக்கும் விஷயம். வைத்தியம் இதை வைத்து முடிவு செய்யப்படுவதில்லை. இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை அந்த வாரத்தில் எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

முதலாளியின் பெயர் சௌந்தரராஜன். அறுபதை ஒட்டிய வயது, வெள்ளை வேட்டி, பட்டுத் துண்டு. மருத்துவமனையைப் புடவைக் கடையைப் போலவே நடத்தினார். வாசலில் இரண்டு பேர் கைகூப்பி, "வாங்கம்மா, வாங்கய்யா, எலும்பு கீழ, இருதயம் மேல" என்றார்கள். ஸ்கேன் எடுத்தவர்களுக்குப் படத்தைக் கடையின் பெயர் போட்ட கட்டைப்பையில் போட்டுக் கொடுத்தார்கள். கல்யாணக் கூட்டம் போலக் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் அந்தப் பையோடு திரும்பிப் போனதைப் பார்த்தால், யாருக்கு நோய், யாருக்கு நிச்சயதார்த்தம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நான் ஈப்போவில் எடுத்த மாதிரிப் படங்களைக் காட்டினேன். அவர் துணியைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாதான் இருக்குது மேடம். பச்சை கொஞ்சம் டல்லா இருக்குது. அரக்கு சேத்து எடுக்க முடியுமா?"

"நிறம் நாங்கள் போடுவதுதான் சார். முக்கியம் அது இல்லை."

"அப்ப போட்டுடுங்க" என்றார்.

அவருடைய திட்டம் வேறு. நோய் இல்லாதவர்களுக்கு 'மூளை ஆக்சிஜன் பேக்கேஜ்' என்று ஒன்று. பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குத் தள்ளுபடி. இது ஆய்வு நிலையில்தான் இருக்கிறது என்றேன். "ஆய்வுன்னு போட்டா இன்னும் நல்லா போவும்" என்றார்.

அந்த மருத்துவமனையில் புத்தி தெளிவாக இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் நரம்பியல் மருத்துவர் ஷகீலா. முப்பத்தைந்து வயது இருக்கும், ஆற்காட்டுக்காரர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. முதலாளி பேசும்போது கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். இன்னொருவர் ஸ்கேன் டெக்னீஷியன் ஏகாம்பரம், நாற்பது வயது. காலையில் அவரைப் பார்த்ததும் எங்கள் ஊர் வழக்கப்படி, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு யோசித்தார். "ஆறிப் போச்சா சூடா இருந்துச்சான்னு கவனிக்கல மேடம். துன்னுட்டேன்."

இரண்டாம் நாள் இயந்திரத்துக்குப் பூஜை. நான் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டார்கள். புது வண்டி வாங்கினால் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவது இங்கே வழக்கம். எம்.ஆர்.ஐ.க்குச் சக்கரம் இல்லை என்று யாரோ கவலைப்பட்டிருக்கிறார்கள். நோயாளியைப் படுக்க வைக்கும் மேசைக்குச் சக்கரம் இருப்பதை ஏகாம்பரமே காட்டிக் கொடுத்துவிட்டார். நான் உள்ளே போனபோது, பல கோடி பெறும் இயந்திரத்தின் மேசை நாலு எலுமிச்சம்பழங்களை நசுக்கிவிட்டு, ஈரத்தில் வழுக்கிக்கொண்டு நின்றது.

அதோடு விட்டிருக்கலாம். முதலாளியின் மைத்துனர் ஆரத்தித் தட்டோடு காந்தத்தை நெருங்கினார். தட்டு தாமிரம்தான், பிழைத்தது. அதிலிருந்த ஒரு ரூபாய் நாணயம் எழுந்து பறந்தது. டக்கென்று ஒரு சத்தம். காணிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று மைத்துனர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

குழாய்க்குள் எங்கோ ஒட்டிக்கொண்ட அந்த நாணயத்தை நானும் ஏகாம்பரமும் மல்லாந்து படுத்து, மரக்குச்சியால் துழாவி, மத்தியானம்வரை தேடி ஒருவழியாக எடுத்தோம். அதற்குள் அவசரப்பட்டு முதலாளி எடுக்கச் சொன்ன ஒரு சோதனைப் படத்தில், தண்ணீர் நிரப்பிய பந்தின் நடுவே கறுப்பாக ஓர் ஓட்டை விழுந்திருந்தது. "இது இன்னா வியாதி?" என்று கேட்டார்.

மதியம் ஏகாம்பரம் கோயில் இட்லி வாங்கி வந்தார். எங்கள் ஊர் இட்லியை மனத்தில் வைத்துக்கொண்டு கடித்தேன். அது இட்லியே இல்லை. மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் சேர்ந்து, மந்தாரை இலை வாசனையோடு, வெட்டித் துண்டுபோட்டுத் தின்னும் ஒரு கனமான வஸ்து. முதல் வாயில் இருமல் வந்தது. மூன்றாவது வாயில் இன்னொரு துண்டு கேட்டேன்.

சாப்பிட்டபடியே, ஆக்சிஜன் படம் எதைக் காட்டுகிறது என்று அவருக்கு விளக்கிப் பார்த்தேன். ரத்தம் குறைந்தால், உயிரோடு இருக்கும் மூளை என்ன செய்யும் என்றால், வருகிற கொஞ்ச ரத்தத்திலிருந்தே வழக்கத்தைவிட அதிக ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். செத்த மூளை எதையும் எடுக்காது. எடுக்கிறதா இல்லையா என்பதுதான் படம்.

ஏகாம்பரம் கை கழுவிக்கொண்டு வந்து சொன்னார்: "எங்க தெருவுல கொழாயில தண்ணி நூலாட்டம் வர்ற அன்னிக்குப் பாக்கணும் மேடம். ஆள் இருக்கிற வூட்ல கடைசி சொட்டு வரிக்கும் புடிச்சிக்கினுதான் வுடுவாங்க. கொடம் வெக்காத வூடுன்னா, ஆள் இல்லன்னு அர்த்தம். அதானே?"

அதேதான். முப்பது வருடத்தில் எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் நானே தனியாகப் போகிறேன் என்று விடுதி வாசலில் ஷேர் ஆட்டோ ஏறினேன். மூவர் உட்காரும் இருக்கையில் நான் ஐந்தாவது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் ஒத்திக் குந்துமா, இன்னும் ரெண்டு பேர் வருவாங்க" என்றார். பக்கத்தில் இருந்த அம்மாள் மடியில் அதே கட்டைப்பை.

"புடவையா?" என்று கேட்டேன்.

"முட்டி" என்றார். பையிலிருந்து தன் முழங்கால் எக்ஸ்ரேயை எடுத்து நீட்டினார். நான் ஸ்கேன் எடுப்பவள் என்று வாய் தவறிச் சொன்னதுதான் தாமதம், எதிரில் இருந்தவர் தன் முதுகெலும்பைக் கொடுத்தார். ஓட்டுநர்கூட, "எங்க அண்ணன் தலைது வூட்ல இருக்குது, எடுத்தாரட்டுமா?" என்றார். ஓடும் ஆட்டோவில் ஆளாளுக்குப் படங்களை வெயிலில் பிடிக்க, நான் வாசித்துக்கொண்டே வந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது ஐயம்பேட்டை. மருத்துவமனை எதிர்த் திசையில் இருந்தது. ஈப்போவில் பேருந்து தவறினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். இங்கே அந்த முட்டி அம்மாள் இறங்கி, எதிர்ப்பக்க ஆட்டோவை மறித்து, "டாக்டரம்மாவ பத்தரமா எறக்கி வுடு" என்று என்னை ஏற்றிவிட்டுத்தான் நகர்ந்தார். நான் டாக்டர் இல்லை என்று மறுக்க அவகாசமே கிடைக்கவில்லை.

நான்காம் நாள் திறப்பு விழா. ஒரு கட்சியின் மாவட்டப் பொறுப்பாளர் வந்து திறப்பதாக ஏற்பாடு. அவருடைய பெயரை யாரும் சொல்வதில்லை. "மாவட்டம் வந்துக்கினு இருக்காரு", "மாவட்டத்துக்கு எளநீ வெட்டு" என்றே பேசினார்கள். ரிப்பன் வெட்டினால் மட்டும் போதாது, மாவட்டத்தின் மூளையையே முதல் ஆக்சிஜன் படமாக எடுத்து அங்கேயே திரையில் காட்ட வேண்டும் என்பது முதலாளியின் யோசனை. மாவட்டத்துக்கும் ஆசைதான். "உள்ள ஒண்ணும் இல்லன்னு எதிர்க்கட்சிக்காரன் பேசறான். காட்டிடுவோம்" என்றார். தொண்டர்கள் கைதட்டினார்கள்.

அவரிடமிருந்து உலோகங்களைக் கழற்ற இருபது நிமிடம் ஆயிற்று. மோதிரங்கள், கழுத்துச் சங்கிலி, இரண்டு தொலைபேசி, சட்டைப்பையில் தலைவர் படம் பதித்த பேட்ஜ். பேட்ஜைக் கழற்றத்தான் தயங்கினார். ஒன்பது மணிக்குப் படுக்க வைத்தோம். அசையக்கூடாது, பேசக்கூடாது என்றேன். தலையாட்டினார். அதையும் செய்யக்கூடாது என்றேன்.

ஒன்பதே கால் இருக்கும். டாக்டர் ஷகீலா கட்டுப்பாட்டு அறைக் கதவைத் தட்டாமல் திறந்தார். அவர் அப்படிச் செய்பவர் அல்ல.

"மேடம், எனக்கு மெஷின் வேணும். இப்பவே."

வெளியே தள்ளுவண்டியில் ஒருவர் படுத்திருந்தார். பெயர் தன்யகுமார், ஐம்பத்தெட்டு வயது. மாகறல் பக்கத்துக் கிராமத்தில் விவசாயம், வாலாஜாபாத் சந்தையில் நெல் தரகு. வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. வலது கை, யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி வண்டியின் ஓரத்தில் கிடந்தது. கண் மட்டும் ஒவ்வொருவர் முகத்துக்கும் மாறி மாறி ஓடிற்று. பேச்சு வரவில்லை. அவர் மனைவி பத்மாவதி வண்டியின் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

பக்கவாதத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பது. அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் என்றால் அடைப்பைக் கரைக்கும் மருந்தை ஏற்றலாம். தாண்டிவிட்டால் அதே மருந்து மூளைக்குள் ரத்தக் கசிவை உண்டாக்கலாம்.

"நேத்து பொழுது சாயறதுக்கு முன்னாலயே சாப்ட்டாருங்க. நாங்க ஜைனருங்க, இருட்டினா சாப்பிட மாட்டோம்" என்றார் பத்மாவதி. "எட்டரைக்குப் படுத்தாரு. நல்லாதான் பேசிக்கினு இருந்தாரு. காலீல ஏழு மணிக்கு ஏந்துக்கலியேன்னு போய்ப் பாத்தா, இப்படிக் கோணிக்கினு இருக்குது."

கூட வந்திருந்த அவர் தம்பி, "அவரு என்னிக்குமே நல்லாதான் இருப்பாரு டாக்டர். சர்க்கரைகூட கெடையாது" என்றார்.

தூக்கத்தில் எப்போது அடைத்தது என்று யாருக்கும் தெரியாது. எட்டரைக்கே அடைத்திருந்தால் எல்லாம் முடிந்த கதை. விடியற்காலையில் அடைத்திருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. அதைச் சொல்லிவிடும். எம்.ஆர்.ஐ.க்குள் மாவட்டம் இருந்தார்.

"இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்?" என்று முதலாளி கேட்டார். கேள்வி என்னிடம், கண் கேமராக்காரர்கள் மீது.

"ஆக்சிஜன் படம் இனிமேல்தான். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்."

"பத்து நிமிஷந்தானே டாக்டர். பேஷண்டுக்கு ஒரு ரூம் போட்டு ஏசி போடச் சொல்றேன்."

ஷகீலா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். இதில் வீரம் எதுவும் இல்லை. திரும்பும் டிக்கெட் கையில் இருப்பவளுக்கு அது சுலபம். ஏகாம்பரத்துக்குச் சம்பளம் கொடுப்பவர் அங்கேதான் நின்றார். ஆனாலும் எனக்கு முன்பே உள்ளே ஓடி மேசையை இழுத்தவர் அவர்தான்.

மாவட்டம் கண்ணைத் திறந்து, "முடிஞ்சுதா? எப்டி இருக்குது?" என்றார்.

"ஒரு சீரியஸ் கேசுங்க. எறங்கிடுங்க" என்றார் ஏகாம்பரம்.

மாவட்டம் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் அதைவிடக் கைதேர்ந்தவர். செருப்பைக்கூடப் போடாமல் வெறுங்காலோடு வெளியே போய், கேமராக்களின் முன் நின்று, "ஒரு விவசாயிக்காக என் மூளையையே வுட்டுக் குடுத்துட்டு வந்திருக்கேன்" என்றார். அந்தப் பேச்சு நாங்கள் நோயாளியைத் தயார் செய்து முடிக்கும்வரை நீண்டது.

தயார் செய்வதில் ஒரு சிக்கல் வந்தது. தன்யகுமாரின் இடுப்பில் வெள்ளி அரைஞாண். வாலிபத்தில் போட்டது, உடம்பு பெருத்ததில் இறுகிக் கிடந்தது. கொக்கி அசையவில்லை. காந்தம் வெள்ளியை இழுக்காது. ஆனால் உடம்பைச் சுற்றிய உலோக வளையம் உள்ளே சூடேறித் தோலைச் சுட்டுவிடலாம். ஏகாம்பரம் வெட்டும் குறடை எடுத்து வந்து, பத்மாவதியைப் பார்த்து நின்றார். கணவன் இடுப்புக் கொடியை அறுப்பதற்கு எப்படி அனுமதி கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் கேட்கவே தேவைப்படவில்லை. "அறுப்பா. பாத்துக்கினு நிக்கறியே" என்றார் அந்த அம்மாள்.

முதல் படம், எங்கே அடிபட்டது என்று சொல்லும். மூளையின் இடப்பக்கம், பேச்சுக்கும் வலது கைக்கும் உரிய இடத்தில், வெள்ளையாகத் தெரிந்தது. இரண்டாவது படத்தில் அடி தெரியத் தொடங்கச் சில மணி நேரம் ஆகும். அதில் அந்த இடம் சுத்தமாக இருந்தது. அப்படியென்றால் அடைப்பு புதிது. விடியற்காலையில்தான் நடந்திருக்கிறது.

ஷகீலா திரையிலிருந்து நிமிர்ந்தார். "போதும். வெளிய எடுங்க. மருந்து ரெடி."

அடுத்து வரிசையில் இருந்தது ஆக்சிஜன் படம். ஏகாம்பரம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மேடம், ஏழு நிமிஷம். எடுக்கட்டுமா?"

கதவுக்கு வெளியிலிருந்து முதலாளி, "எடுங்க மேடம், எடுங்க! மொத பேஷண்ட்!" என்றார்.

வந்ததும் மருத்துவமனையில் நீட்டிய தாள்களிலெல்லாம் பத்மாவதி கையெழுத்துப் போட்டிருந்தார். ஆய்வுக்கான ஒப்புதலும் அதில் ஒன்று. காகித முறைப்படி எந்தத் தடையும் இல்லை. இந்த மாதிரி ஒரு மூளைக்காகத்தான், செத்ததும் காத்திருப்பதும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் இந்தச் சில மணி நேரத்துக்காகத்தான், நான் கடல் தாண்டி வந்திருந்தேன். ஈப்போவில்கூட இவ்வளவு பொருத்தமான ஆள் எங்களுக்குக் கிடைத்ததில்லை.

நான் பதில் சொல்ல நாலு நொடி ஆயிற்று. திரையின் மூலையில் கடிகாரம் ஓடுவது தெரியும், அதனால் சரியாகத் தெரியும். அந்த நாலு நொடியும் நான் நோயாளியைப் பற்றி யோசிக்கவில்லை.

"வேண்டாம். இழுங்க" என்றேன்.

இயந்திர அறைக்கு வெளியே, நடைபாதையிலேயே, ஷகீலா மருந்தை ஏற்றத் தொடங்கினார். பக்கத்தில் விழாவுக்குக் கட்டிய வாழை மரம். அதை நகர்த்திவிட்டுத்தான் செவிலி சலைன் ஸ்டாண்டை நிறுத்தினார்.

ஐந்தாம் நாள் காலை மருத்துவமனை முகப்பில் புது பேனர் தொங்கியது. ஒரு பக்கம் மாவட்டம், மறுபக்கம் ஆறு வண்ணத்தில் ஒரு மூளை. 'மாவட்டம் அவர்களின் ஆக்சிஜன் நிறைந்த மூளை' என்று எழுதியிருந்தது. அந்தப் படம் எனக்குப் பழக்கமானது. இயந்திரத்தோடு வரும் விளக்கப் புத்தகத்தின் அட்டையில் இருப்பது. எந்த நாட்டு மனிதருடைய மூளையோ, காஞ்சிபுரத்தில் கட்சி சேர்ந்துவிட்டது.

"அவருடைய படம் நாம் எடுக்கவே இல்லையே சார்" என்றேன்.

"எடுத்திருந்தா இப்படித்தானே மேடம் இருந்திருக்கும்?" என்றார் சௌந்தரராஜன். உண்மையாகவே நம்பித்தான் கேட்டார்.

நான் விடவில்லை. ஷகீலாவும் என்னோடு வந்து நின்றார். பேனரை இறக்காவிட்டால் எங்கள் ஆய்வுக் குழுவுக்கு எழுதுவேன் என்றேன். சாயங்காலம் இறக்கினார்கள். மறுநாள் அதே பேனர், மூளைக்குப் பதில் ஒரு மாம்பழப் பார்டர் புடவையோடு, கடை வாசலில் ஏறியது. மாவட்டத்துக்கு இரண்டிலும் ஒரே சிரிப்பு.

தன்யகுமாரின் கை, மருந்து ஏற்றிய அன்றைக்கே விரல் விரலாக அசைந்தது. பேச்சுதான் வரவில்லை. 'ஆ' என்பார், நிறுத்துவார், கண்ணை மூடிக்கொள்வார். நான் மத்தியானத்தில் அவர் அறைக்குப் போய் உட்காருவதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஏன் என்று ஷகீலா கேட்கவில்லை.

"சந்தையில இவரு வெல சொன்னா ரோட்டுக்கு அந்தாண்ட கேக்கும்" என்றார் பத்மாவதி. பொழுது சாய்வதற்குள் அவருக்குக் கஞ்சி ஊட்டி முடிக்க வேண்டும் என்று ஜன்னலைப் பார்த்தபடியே ஸ்பூனை நீட்டினார். "வூட்லயும் அதே சத்தந்தான். கொஞ்சம் வாய மூடினா தேவலன்னு எத்தினி நாளு சொல்லியிருப்பேன். இப்ப பாரும்மா."

தன்யகுமார் கஞ்சியை விழுங்கிவிட்டு அவரையே பார்த்தார்.

ஏழாம் நாள், நான் கிளம்புவதற்கு முந்தைய தினம், ஷகீலாவே கேட்டார். நோயாளியின் நிலை சீராக இருக்கிறது. இப்போது ஆக்சிஜன் படம் எடுத்தால், எது போனது எது தப்பித்தது என்று ஆய்வுக்காவது தெரியும். இந்தமுறை நான் தாளை நீட்டவில்லை. உட்கார்ந்து, இதனால் உங்களுக்கு வைத்தியத்தில் எந்த லாபமும் இல்லை என்பதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் இருவரிடமும் சொன்னேன். தன்யகுமார் பேனாவைக் கேட்டுக் கை நீட்டினார். வலது கையால்தான் போடுவேன் என்று பிடிவாதம். பெயரின் முதல் எழுத்துக்கே ஒரு நிமிடம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

படுக்க வைத்தோம். காதில் பஞ்சு, தலைக்கு இருபுறமும் அணை. பத்மாவதியைக் கட்டுப்பாட்டு அறையில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஏழு நிமிடம், மயிரிழை அசைந்தாலும் படம் கெட்டுவிடும் என்று இருவருக்கும் சொல்லியிருந்தேன். ஏகாம்பரம் தொடங்கினார். இயந்திரம் வழக்கம்போலத் தகரத்தைத் தட்டுவதுபோல இரைந்தது.

ஐந்து நிமிடம் ஓடியிருக்கும். திரையில் வரிசை வரிசையாகத் தரவு வந்துகொண்டிருந்தது. அசைவே இல்லை. இவ்வளவு ஒழுங்காகப் படுத்த நோயாளியை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். மனத்துக்குள் ஈப்போவுக்கு அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டேன்.

ஒலிபெருக்கியில் ஏதோ கரகரத்தது. உள்ளிருக்கும் மைக்.

"எத்... எத்தினி நேரம்பா." ஓர் இடைவெளி. இயந்திர இரைச்சல். "காது... போவுது."

ஏகாம்பரத்தின் கை அந்தரத்தில் நின்றது. பத்மாவதி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அவருதான்" என்றார். "அவருதாம்மா பேசறாரு."

உள்ளே பேசுவதற்கான பொத்தான் எது என்று இத்தனை நேரம் நான் அழுத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. என்னைத் தாண்டிக் கையை நீட்டி அதை அழுத்தினார்.

"இன்னா சொன்னீங்க? இன்னொரு வாட்டி சொல்லுங்க!"

"காது போவுதுன்றேன்." இந்தத் தடவை குரல் ஏறியிருந்தது. தலையையும் தூக்கியிருக்கிறார், திரையில் கோடுகள் கலைந்து சிதறின. "மோட்டாரு... மோட்டாரு நிறுத்தினியா?"

"நிறுத்திட்டேன். தம்பி பாத்துக்கறாரு. நெல்லு மூடி வெச்சிட்டோம்."

"எந்த... தார்ப்பா?"

"நீலந்தான்."

"அது... ஓட்டை."

பத்மாவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தானிலிருந்து விரலை மட்டும் எடுக்கவில்லை. கதவருகே நின்ற ஷகீலா, அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

"மேடம்," என்றார் ஏகாம்பரம் மெதுவாக, "மொதல்லேருந்து எடுக்கட்டுமா?"

தன்யகுமார் உள்ளே திக்கித் திக்கித் தார்ப்பாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். பாதி வார்த்தைகள் தவறி வந்தன. பச்சை என்பதற்கு நெல் என்றார், பிறகு தானே கோபப்பட்டுத் திருத்தினார்.

"வேண்டாம். பேசி முடிக்கட்டும்" என்றேன்.

ஆய்வுக் குழுவுக்குத் தோற்றுப்போன படங்களுக்கென்று தனிப் படிவம் உண்டு. காரணம் என்ற கட்டத்தில் இயந்திரக் கோளாறு, மின்தடை, உலோகம், அச்சம் என்று வரிசையாக இருக்கும், ஒன்றைக் குறிக்க வேண்டும். எதுவும் பொருந்தவில்லை. 'மற்றவை' என்பதற்கு எதிரே இருந்த காலிக் கோட்டில், 'நோயாளி பேசினார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.